உனாய் எமெரி: சாவி யார் கையில்?

உனாய் எமெரி என்ற ஸ்பெயின் பயிற்சியாளரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. 2014, 2015, 2016, 2021 என்று நான்கு முறை ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வென்றவர், ஆகவே நாக்-அவுட் ஆட்டங்களில் கில்லாடி என்பது ஒன்று. பாரிஸிலும் லண்டனிலும் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறியவர், ஆகவே பெரிய கிளப்புகளுக்கு லாயக்கில்லாதவர் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஒரே மனிதர், ஒரே வேலை முறை. செவில்லாவில் கோப்பை, பாரிஸில் அவமானம், வில்லாரியலில் மறுபடியும் கோப்பை. இது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. 2004இல் லோர்காவில் தொடங்கி 2025 மே மாதம் மான்செஸ்டரில் நடந்த ஓர் ஆட்டம் வரை இதை எடுத்துக்கொள்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எமெரியின் திறமை ஊருக்கு ஊர் மாறவில்லை. மாறியது, கிளப்பில் கடைசி வார்த்தை யாருடையது என்பது. அது அவருடையதாக இருந்த இடங்களில் எல்லாம் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. இல்லாத இடங்களில் அவர் கெட்டிக்கார எழுத்தர் போலத்தான் இருந்திருக்கிறார்.

கோல்கீப்பர் வீட்டுப் பிள்ளை

ஸ்பெயினின் வடக்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பாஸ்க் ஊரான ஒண்டாரிபியாவில் 1971 நவம்பர் 3 அன்று எமெரி பிறந்தார். தாத்தா அந்தோனியோ எமெரி பக்கத்து ஊரான இருனின் ரியல் யூனியன் அணிக்குக் கோல்கீப்பர். ரியல் யூனியன் 1920களில் ஸ்பெயின் அரசர் கோப்பையை வென்ற அணி, அந்த அணியின் வலைக்கு முன்னால் நின்றவர் அவர். ஸ்பெயின் லீக் 1929 பிப்ரவரி 10 அன்று தொடங்கியபோது, அதன் வரலாற்றின் முதல் கோலை எஸ்பான்யோல் அணியின் பிட்டுஸ் பிராட்ஸ் அடித்தார். அதை வாங்கியவர் இந்தத் தாத்தாதான். அப்பா ஹுவானும் கோல்கீப்பர், ஆடியது பெரும்பாலும் இரண்டாம் டிவிஷனில்.

உனாய் கோல்கீப்பர் ஆகவில்லை. இடது கால் ஆட்டக்காரர், நடுக்களத்தின் இடது ஓரம். ரியல் சொசியெடாட் இளையோர் அணியில் வளர்ந்து, 1995–96 சீசனில் முதல் அணிக்கு ஐந்து லீக் ஆட்டங்கள் ஆடினார். அல்பசெத்தேவை 8–1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். முதல் டிவிஷனில் அவர் கணக்கு அதோடு முடிந்தது. பிறகு டொலெடோ, ரேசிங் ஃபெரோல், லெகானெஸ் என்று இரண்டாம் டிவிஷனில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். திறமைக்குக் குறைவில்லை, மனம்தான் ஒத்துழைக்கவில்லை. ஆட்டக்காரராகத் தன்னிடம் பயம் இருந்தது என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

நட்சத்திர வீரராக இருந்து பயிற்சியாளர் ஆனவருக்கு உடைமாற்றும் அறையில் ஓர் இலவச மரியாதை உண்டு. குவார்தியோலாவுக்கும் ஷாபி அலோன்சோவுக்கும் அது இருந்தது. பலகையில் ஒரு கோடு போட்டால் வீரர்கள் நம்புவார்கள், ஏனென்றால் அந்தக் கோட்டில் அவர் ஓடியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எமெரிக்கு அந்த முதலீடு இல்லை. ஐந்து ஆட்டங்கள் ஆடியவர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஒவ்வொரு கிளப்பிலும் அவர் புதிதாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய வேலை முறை இப்படி அமைந்ததற்கு இதுவே வேர் என்று நினைக்கிறேன்.

லோர்கா முதல் வலென்சியா வரை

முர்சியா பகுதியில் உள்ள லோர்கா, 2002இல் தொடங்கப்பட்ட சின்ன கிளப். மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 33 வயது எமெரிக்கு அங்கே முழங்கால் காயம். 2004–05 சீசனின் நடுவில் கிளப் தன் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, காயத்தோடு உட்கார்ந்திருந்த இந்த வீரரிடமே அணியை ஒப்படைத்தது. நேற்று வரை பக்கத்து இருக்கையில் உடை மாற்றியவர்களுக்கு இன்று மேலதிகாரி. அந்த சீசன் முடிவில் லோர்கா வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த சீசனில் ஐந்தாம் இடம், முதல் டிவிஷனுக்குப் போகும் வாய்ப்பு கொஞ்சத்தில் தவறியது.

அல்மெரியா கூப்பிட்டது. முதல் சீசனிலேயே, 2007இல், அந்த கிளப்பும் முதல் முறையாக முதல் டிவிஷன் ஏறியது. ஏறிய அணி இறங்காமல் தப்பித்தால் போதும் என்று எல்லோரும் நினைத்திருக்க, எட்டாம் இடத்தில் முடித்தது. 2008 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட்டைத் தன் சொந்த மைதானத்தில் 2–0 என்று வீழ்த்தியது. ஆல்வரோ நெக்ரெடோ கோல்களால் பெயர் வாங்கியது அந்த அணியில்தான்.

36 வயதில் வலென்சியா. அங்கே நிலைமை வேறு. அதற்கு முந்தைய சீசனில் லீக்கில் பத்தாம் இடம், கழுத்து வரை கடன். கட்டிக்கொண்டிருந்த புதிய ஸ்டேடியத்தின் வேலை 2009இல் பாதியில் நின்றது. அந்தக் கான்கிரீட் எலும்புக்கூட்டைத்தான் நகரம் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. கடனை அடைக்க வீரர்களை விற்றார்கள். 2010இல் டேவிட் வியா பார்சிலோனாவுக்கு, டேவிட் சில்வா மான்செஸ்டர் சிட்டிக்கு. 2011இல் ஹுவான் மாட்டா செல்சிக்கு. ஆண்டுதோறும் அணியின் சிறந்த காலை வெட்டிக்கொடுத்துவிட்டு, எமெரி அந்த அணியை முதலில் ஆறாம் இடத்துக்கும் பிறகு தொடர்ந்து மூன்று முறை மூன்றாம் இடத்துக்கும் கொண்டுபோனார். ஆனாலும் சொந்த மைதானமான மெஸ்டாயாவில் ரசிகர்கள் அதிருப்தியில் அவருக்கு விசில் அடித்தார்கள். 2009–10இல் பார்சிலோனா 99 புள்ளி, ரியல் மாட்ரிட் 96, மூன்றாம் இடம் வந்த வலென்சியா 71. மெஸ்ஸியும் ரொனால்டோவும் உச்சத்தில் இருந்த காலத்தில் மூன்றாம் இடம் என்பதே மனிதர்களுக்கான முதலிடம். அதைச் சொல்லி ரசிகனைச் சமாதானப்படுத்த முடியாது என்பதும் உண்மைதான்.

அவருடைய முறை பிரபலமானதும் இங்கேதான். எதிரணியை வீடியோவில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வீரர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் போட்டுக் காட்டுவது. அந்த அணியில் ஆடிய ஹோக்கின், எமெரி காட்டிய வீடியோக்களுக்குக் கொறிப்பதற்குப் பாப்கார்னே தீர்ந்துவிட்டது என்று கிண்டல் செய்தது ஸ்பெயின் கால்பந்தில் நிலைத்துவிட்ட நகைச்சுவை. இன்னொரு கதையும் உலவுகிறது. வீட்டில் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு வீரரிடம் பென் டிரைவ் கொடுத்தாராம். மறுநாள் பார்த்தாயா என்றதற்கு, பார்த்தேன், நன்றாக இருந்தது என்றாராம் வீரர். பென் டிரைவில் ஒன்றுமே இல்லை. கதை எவ்வளவு மெருகேற்றப்பட்டதோ தெரியாது, ஆனால் அவருடைய இயல்பை அது பிசகாமல் சொல்கிறது. வீரர்களை அவர் நம்புவதில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. தான் சொன்னது உள்ளே போனதா என்று சோதிக்காமல் அவரால் தூங்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. உட்கார்ந்து பார்க்க வீரனுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பசி இருக்க வேண்டும், அல்லது பயிற்சியாளரின் பேச்சைக் கேட்காவிட்டால் இடம் போய்விடும் என்ற அச்சமாவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் வீடியோ வெறும் தொல்லை.

2012இல் மாஸ்கோ. ஸ்பார்டக் அணியில் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது. ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. நவம்பரில் டைனமோவிடம் சொந்த மைதானத்தில் 5–1 என்று தோற்ற கையோடு வேலை போனது.

செவில்லா

2013 ஜனவரியில் செவில்லா அவரை எடுத்தது. அந்த சீசனில் அணி ஒன்பதாம் இடம். ஒன்பதாம் இடத்துக்கு ஐரோப்பியப் போட்டி கிடையாது. ஆனால் ஆறாம் இடம் வந்த மாலகாவை நிதி விதிமீறலுக்காக ஐரோப்பியக் கால்பந்து சங்கம் தடை செய்தது. எட்டாம் இடம் வந்த ராயோ வாயேகானோவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. அடித்தது யோகம், செவில்லா தகுதிச் சுற்று வழியாக யூரோப்பா லீக்கின் பின்வாசலில் நுழைந்தது. எமெரியின் கோப்பைக் கதை அடுத்தவர்களின் கணக்குப் புத்தகக் கோளாறில் தொடங்கியது என்பதை அவரைப் புகழ்பவர்கள் அதிகம் சொல்வதில்லை.

நுழைந்த அணியும் பழைய அணி அல்ல. ஹெசுஸ் நவாஸும் நெக்ரெடோவும் மான்செஸ்டர் சிட்டிக்கு விற்கப்பட்டிருந்தார்கள். கொண்டோக்பியா மொனாக்கோவுக்குப் போனார். விளையாட்டு இயக்குநர் மோஞ்சி அந்தப் பணத்தில் பெல்ஜியத்திலிருந்து கார்லோஸ் பாக்காவையும், பாரிஸிலிருந்து கெவின் கமெய்ரோவையும் கொண்டுவந்தார். வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. யாரை வாங்குவது, எப்போது விற்பது என்பது மோஞ்சியின் பாடு. வந்தவரை ஆட்டக்காரராக ஆக்குவது எமெரியின் பாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கோ ஒதுக்கப்பட்டவர்கள் அல்லது இன்னும் பெயர் வாங்காதவர்கள். வீடியோ பார்க்க அவர்களுக்குக் காரணம் இருந்தது.

2014 மார்ச்சில் நகரத்து எதிரி பெத்திஸிடம் சொந்த மைதானத்தில் 2–0 என்று தோற்றுவிட்டு, அவர்கள் மைதானத்தில் அதே 2–0ஐத் திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் தப்பித்தார்கள். காலிறுதியில் போர்ட்டோவிடம் முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவதில் 4–1. அரையிறுதியில் எதிரே நின்றது வலென்சியா. முதல் ஆட்டத்தில் செவில்லா 2–0.

மே 1 அன்று மெஸ்டாயாவில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வலென்சியா மூன்று கோல் அடித்துவிட்டது. இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 3–2. தனக்கு விசில் அடித்த அதே அரங்கத்தின் முன்னால் எமெரி வெளியேறப் போகிறார். 90 நிமிடம் கடந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் நான்காவது நிமிடம். செவில்லாவுக்குப் பக்கக் கோட்டில் ஒரு த்ரோ-இன். காலுக்குக் கிட்டே எறியாமல் நேராகக் கோல் பகுதிக்குள் நீளமாக எறிந்தார்கள். கூட்டத்தில் ஒரு தலை பட்டுப் பந்து பின்னால் விழ, ஸ்டெஃபான் எம்பியா எகிறித் தலையால் முட்டினார். 3–3. வெளி மைதானத்தில் அடித்த கோலுக்கு முன்னுரிமை என்ற அன்றைய விதிப்படி செவில்லா இறுதிக்குப் போனது. எமெரி பெஞ்சிலிருந்து பாய்ந்து ஓடினார்.

அதை அதிர்ஷ்டம் என்று சொல்வதற்கு முழு உரிமை உண்டு. எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. மீதிப் பாதி, அந்த எறிதல். நாடகத்தின் கடைசி நொடியில் பந்தை எங்கே எறிய வேண்டும், யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பதறாமல் இருந்ததற்கு முன்னேற்பாடு ஏதும் இல்லை என்று நம்புவது கடினம்.

டூரின் நகரில் நடந்த இறுதியில் பென்ஃபிகாவோடு கோலின்றி முடிந்து, பெனால்டியில் 4–2. கோல்கீப்பர் பெட்டோ இரண்டைத் தடுத்தார். 2015இல் வார்சாவில் நிப்ரோவை 3–2 என்று வென்றார்கள், பாக்கா இரண்டு கோல். அந்த இறுதியில் சிறந்த வீரர் எவெர் பனேகா. வலென்சியாவில் எமெரியிடம் ஆடி, பிறகு தடம் மாறிப்போனவர், மறுபடி எமெரியிடமே வந்து நிமிர்ந்தார். 2016இல் பாசெலில் லிவர்பூல். இடைவேளையில் 1–0 என்று பின்தங்கியிருந்த அணி, இரண்டாம் பாதி தொடங்கி அரை நிமிடம் ஆகும் முன்னே கமெய்ரோவால் சமன் செய்தது. பிறகு கோக்கே என்ற வலது பக்கத் தற்காப்பு வீரர் இரண்டு கோல் போட்டு முடித்தார்.

இதே 2015–16 சீசனில் ஸ்பெயின் லீக்கில் செவில்லா வெளி மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஒன்றுகூட இல்லை. லீக்கில் ஏழாம் இடம். யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கிய அணி, உள்ளூரில் எந்தப் பக்கத்து ஊருக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பியது. எமெரியைப் பற்றிய சந்தேகங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு குறிப்பிட்ட எதிரியை இரண்டு ஆட்டங்களில் பிரித்து மேய்வது வேறு, 38 வாரம் சலிப்பில்லாமல் உழைப்பது வேறு.

பாரிஸ்

2016 கோடையில் பாரிஸ் செயின்ட்-ஜெர்மன். கத்தார் பணம், வரிசையாக நான்கு பிரெஞ்சு லீக் பட்டங்கள், ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் மட்டும் பாக்கி. ஐரோப்பாவில் வென்றவரைக் கூப்பிட்டால் அது வந்துவிடும் என்பது கிளப்பின் கணக்கு. எமெரி தன் வழக்கமான 4-2-3-1 அமைப்போடு (தற்காப்பிலிருந்து முன்களம் வரை வீரர்கள் நிற்கும் வரிசை) தொடங்கினார். ஆகஸ்ட் மாதம் மொனாக்கோவிடம் 3–1 என்று தோற்றதும், வீரர்களுக்குப் பழகிய 4-3-3 திரும்பி வந்தது. வெளியில் பார்ப்பவருக்குச் சாதாரண மாற்றம். உள்ளே இருப்பவர்களுக்கு அது வேறு ஒன்றையும் சொல்லியிருக்கும்: இங்கே பயிற்சியாளர் வளைவார்.

2017 பிப்ரவரி 14. சாம்பியன்ஸ் லீக்கின் 16 அணிகள் சுற்றில் பார்சிலோனாவை 4–0 என்று வென்றது பாரிஸ். எமெரி வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான 90 நிமிடம் இருந்திருக்காது. மெஸ்ஸி, நெய்மார், சுவாரெஸ் மூவரும் ஆடிய அணியை மூச்சுவிட விடவில்லை.

மார்ச் 8 அன்று பார்சிலோனா மைதானத்தில் மறு ஆட்டம். மூன்றாம் நிமிடத்திலேயே சுவாரெஸ் கோல். பாரிஸ் தன் கோலுக்கு முன்னால் போய்ச் சுருண்டுகொண்டது. 3–0 ஆனபோது கவானி ஒன்று திருப்பி அடித்தார், 62ஆம் நிமிடம். இனி பார்சிலோனாவுக்கு இன்னும் மூன்று கோல் வேண்டும். 87ஆம் நிமிடம் வரை ஒன்றும் நடக்கவில்லை. 88இல் நெய்மாரின் ஃப்ரீ கிக். 91இல் நெய்மாரின் பெனால்டி. 95இல் நெய்மார் தூக்கிப் போட்ட பந்துக்கு செர்ஜி ரொபெர்த்தோ காலை நீட்டினார். 6–1. நடுவரின் சில முடிவுகள் இன்றும் விவாதத்துக்குரியவை, அதில் பாரிஸுக்கு நியாயமான குறை இருக்கிறது. ஆனால் ஏழு நிமிடத்தில் மூன்று கோல் வாங்கிய அணியில் பந்தைப் பிடித்து, நின்று, நேரத்தைக் கரைக்க யாருக்கும் தெம்பில்லை. பக்கக் கோட்டில் நின்று கத்திய பயிற்சியாளரின் குரல் உள்ளே யாரையும் எட்டியதாகத் தெரியவில்லை. எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் லூயிஸ் என்ரிகே.

அந்த சீசனில் லீக் பட்டமும் மொனாக்கோவுக்குப் போனது. கிளப் எடுத்த முடிவு, பயிற்சியாளரை மாற்றுவது அல்ல. தன்னை வீழ்த்திய ஆட்டக்காரனை விலைக்கு வாங்குவது. நெய்மாருக்கு 22 கோடியே 20 லட்சம் யூரோ, உலகச் சாதனை விலை. செப்டம்பரில் லியோனுக்கு எதிரான ஆட்டத்தில் பெனால்டியை யார் அடிப்பது என்று நெய்மாரும் கவானியும் களத்தில், கேமராக்களுக்கு முன்னால், உரசிக்கொண்டார்கள். பெனால்டி யாருக்கு என்பது பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன்பே தீர்த்துவைக்க வேண்டிய சின்ன விஷயம். அவரால் தீர்க்க முடியாதது கிளப்பில் அவர் இடம் எது என்று காட்டிவிட்டது. அந்த சீசனில் உள்நாட்டுக் கோப்பைகள் அத்தனையும் வென்றார்; இரண்டு ஆண்டுகளில் மொத்தம் ஏழு. யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் ரியல் மாட்ரிட்டிடம் மறுபடி 16 அணிகள் சுற்றிலேயே வெளியேற்றம். வெளியேறிய பிறகு பேசும்போது, ஒரு குழுவில் தான் முதன்மைப் பொறுப்பாளனா இல்லையா என்பது தனக்குத் தெரியும் என்றும், பாரிஸில் தலைமை நெய்மாருடையது என்றும் எமெரியே ஒப்புக்கொண்டார். ஆய்வு செய்பவருக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

லண்டன்

ஆர்செனல் கதையைப் பலரும் தப்பாகச் சொல்கிறார்கள். 22 ஆண்டுகள் ஆண்ட ஆர்சென் வெங்கருக்கு அடுத்து 2018இல் வந்தவர் எமெரி. முதல் சீசனில் 22 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியில்லை. 70 புள்ளியோடு ஐந்தாம் இடம், நான்காம் இடம் வந்த டாட்டன்ஹாமுக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. பாகுவில் நடந்த யூரோப்பா இறுதியில் செல்சியிடம் 4–1 என்று தோற்றார். படுதோல்விதான், ஆனால் இறுதிவரை வந்தார். அவருக்குப் பின் வந்த மிகெல் ஆர்தேதா முதல் இரண்டு சீசனிலும் எட்டாம் இடமே பிடித்தார். ஆர்தேதாவுக்குக் கிளப் நேரம் கொடுத்தது, அது நல்ல முடிவு. எமெரிக்குக் கொடுக்கவில்லை.

ஆனாலும் அவர் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். அணித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வீரர்களையே வாக்களிக்கச் சொன்னார். கிரானிட் ஷாக்கா வந்தார். 2019 அக்டோபர் 27 அன்று கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் மாற்றப்பட்டு வெளியே வந்தபோது, கூச்சலிட்ட சொந்த ரசிகர்களைப் பார்த்து ஷாக்கா திட்டினார், சட்டையைக் கழற்றினார். தலைமைப் பதவி பறிபோனது. தன் அதிகாரத்தை வாக்குப் பெட்டியில் போட்ட பயிற்சியாளருக்கு அதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. மேசுட் ஓசிலை ஒரு வாரம் சேர்ப்பது, மறுவாரம் விடுவது என்று தடுமாறினார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்வது ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கானது. தனக்குச் சரியாக வராத மொழியில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தினமும் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தவரைச் சிரித்தது எனக்கு இன்னும் ரசிக்கவில்லை. நவம்பர் 28 அன்று ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் தோல்வி, வெற்றியில்லாத ஏழாவது ஆட்டம். மறுநாள் காலை நீக்கம்.

வில்லாரியல்

2020இல் அவர் போன ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ ஐம்பதாயிரம். ஓடு வியாபாரத்தில் சம்பாதித்த ஃபெர்னாண்டோ ரோய்க் குடும்பத்தின் கிளப். 1923இல் தொடங்கி அதுவரை ஒரு பெரிய கோப்பையும் இல்லை. இங்கே எமெரியின் தலைக்கு மேலே பேச ஒரு நட்சத்திரமும் கிடையாது.

முதல் சீசனிலேயே யூரோப்பா அரையிறுதியில் ஆர்செனல் எதிரே வந்தது, ஆர்தேதா பெஞ்சில். 2–1, பிறகு லண்டனில் 0–0. பழிவாங்கல் கதையாக இதை எழுதலாம். ஆனால் அந்த 0–0ஐப் பார்த்தவருக்குத் தெரியும், அதில் பழியும் இல்லை, ஆவேசமும் இல்லை. கதவைச் சாத்திவைத்த ஓர் ஆட்டம்.

இறுதி 2021 மே 26, போலந்தின் கிதான்ஸ்க். எதிரணி மான்செஸ்டர் யுனைடெட். ஜெரார்ட் மொரேனோ அடிக்க, கவானி திருப்பி அடிக்க, 1–1. எமெரியின் வேலை தெரிந்தது மாற்று வீரர்களில். 90 நிமிடம் முடியும் முன்பே ஐந்து பேரை மாற்றிவிட்டார். யுனைடெட் பயிற்சியாளர் சொல்ஷார் முதல் மாற்றத்தைச் செய்ததே கூடுதல் நேரத்தில்தான். பெனால்டி வந்தது. பத்து பத்து ஆட்டக்காரர்களும் அடித்தார்கள், ஒருவர்கூடத் தவறவிடவில்லை. கடைசியில் கோல்கீப்பர்கள். ஹெரோனிமோ ருல்லி ஓடிவந்து ஓங்கி அடித்தார், கோல். பிறகு வலைக்கு முன்னால் போய் நின்று டெ ஹேயாவின் அடியைத் தடுத்தார். 11–10.

அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் யுவென்டஸை டூரினில் 3–0 என்று வென்றார்கள், மூன்று கோலும் கடைசி கால் மணி நேரத்தில். காலிறுதியில் பயர்ன் மியூனிக்கை வெளியேற்றினார்கள். அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், இடைவேளைக்குள் லிவர்பூலோடு மொத்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டார்கள். அதற்கிடையில், 2021 நவம்பரில், சவூதிப் பணம் புகுந்திருந்த நியூகாசில் அவரைக் கூப்பிட்டது. மறுத்துவிட்டார். பாரிஸ் படித்துக்கொடுத்த பாடமாக இருக்கலாம். பழைய குறை மட்டும் போகவில்லை: இரண்டு சீசனிலும் லீக்கில் ஏழாம் இடம்.

பர்மிங்காம்

2022 அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை அனுப்பிய ஆஸ்டன் வில்லா, கீழிறக்கப் பகுதியை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நட்சத்திர வீரராக இருந்து பயிற்சியாளர் ஆனவரின் இடத்துக்கு, முதல் டிவிஷனில் ஐந்தே ஆட்டம் ஆடியவர் வந்தார். முதல் ஆட்டமே மான்செஸ்டர் யுனைடெட்டை 3–1. 1995க்குப் பிறகு சொந்த மைதானத்தில் யுனைடெட்டை லீக்கில் வென்றது அதுவே முதல் முறை. சீசன் முடிவில் ஏழாம் இடம். அடுத்ததில் நான்காம் இடம். 1982இல் ஐரோப்பியக் கோப்பையையே (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்ற கிளப், 1983க்குப் பிறகு அந்தப் போட்டிக்குள் நுழையவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இங்கே அவருக்குக் கிடைத்த அதிகாரம் வேறு எங்கும் கிடைக்காதது. 2023இல் மோஞ்சியே செவில்லாவை விட்டு இங்கு வந்தார். வீரர் வாங்குவது முதல் அன்றாட நிர்வாகம் வரை எமெரிக்கு வேண்டியவர்கள், எமெரிக்குப் புரிந்தவர்கள். பயிற்சியாளரைச் சுற்றி ஒரு கிளப் கட்டப்பட்டது.

ஆட்டத்தில் இதை இரண்டு இடங்களில் கண்ணால் பார்க்கலாம். கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். எதிரணி ஓடிவந்து நெருக்கும் வரை நிற்பார். நெருக்கியதும் அவர்கள் பின்னால் விட்டுவந்த காலியிடத்துக்குப் பந்து போய்விடும். மற்றொன்று, தற்காப்பு வரிசை. நடுக்கோட்டுக்கு அருகே வரை ஏறி நின்று, எதிரணி ஓடத் தொடங்கும் நொடியில் நால்வரும் ஒன்றாக ஓர் அடி முன்னே வருவார்கள். லைன்ஸ்மேன் கொடி உயரும். 2023–24இல் பிரீமியர் லீக்கில் எதிரணியை அதிக முறை ஆஃப்சைடில் (பந்து வரும் முன்பே தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) சிக்கவைத்தது வில்லாதான். ஒருவர் அரை அடி தாமதித்தால் நேராக கோல். வீடியோ அறையில் உட்கார மறுப்பவனை வைத்து இதைச் செய்யவே முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரே வாரத்தில் மான்செஸ்டர் சிட்டியையும் ஆர்செனலையும் தலா 1–0 என்று வென்றார்கள். ஓலி வாட்கின்ஸ் 19 லீக் கோல், 13 கோல் உதவி என்று சீசனை முடித்தார்.

லீக்கில் சலிப்பில்லாமல் உழைக்க முடியாதவர் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இந்த நான்காம் இடம் பதில். விசித்திரம் என்னவென்றால், நாக்-அவுட் கில்லாடி என்ற புகழுக்கு அதே சீசனில் அடி விழுந்தது: ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் அரையிறுதியில் ஒலிம்பியாகோஸிடம் மொத்தமாக 6–2. அவருடைய உயர்ந்த தற்காப்பு வரிசையை அயூப் எல் காபி என்ற மொராக்கோ வீரர் கிழித்துப்போட்டார்.

2025 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. எதிரே பாரிஸ். அந்தப் பெஞ்சில் லூயிஸ் என்ரிகே, அன்று 6–1 அடித்த அதே மனிதர், இப்போது எமெரியின் பழைய நாற்காலியில். பாரிஸில் வில்லா 3–1 தோல்வி. வில்லா பார்க்கில் பாரிஸ் மேலும் இரண்டு அடிக்க, மொத்தம் 5–1. அங்கிருந்து வில்லா மூன்று கோல் போட்டது. இன்னும் ஒன்று விழுந்திருந்தால் கூடுதல் நேரம். விழவில்லை. நெய்மார், மெஸ்ஸி, எம்பாப்பே எல்லோரும் போய்விட்ட அந்தப் பாரிஸ் அணியில் கடைசி வார்த்தை பயிற்சியாளருடையதாக இருந்தது. அந்த மே மாதமே அது இறுதியில் இன்டரை 5–0 என்று வென்று கோப்பையையும் எடுத்தது. 2016இல் எமெரிக்கு மறுக்கப்பட்டது என்ன என்பதை பாரிஸ் கிளப்பே, தாமதமாக, நிரூபித்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மே 25, லீக்கின் கடைசி நாள், மான்செஸ்டர். டிரா செய்தாலே சாம்பியன்ஸ் லீக் உறுதி, ஏனென்றால் நியூகாசில் தன் மைதானத்தில் எவர்டனிடம் தோற்றுக்கொண்டிருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் மார்டினெஸ் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு 0–0இல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தபோது, யுனைடெட் கோல்கீப்பரின் கையிலிருந்து நழுவிய பந்தை மோர்கன் ரோஜர்ஸ் தட்டி வலைக்குள் போட்டார். பந்து உள்ளே போகும் முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டார், அதனால் வீடியோ பரிசோதனைக்கும் வழியில்லை. அந்த விசில் தப்பு. அடுத்த சில நிமிடங்களில் யுனைடெட் அடித்தது, 2–0 என்று முடிந்தது. வில்லாவும் நியூகாசிலும் தலா 66 புள்ளி, கோல் வித்தியாசத்தில் நியூகாசில் மேலே. அனுபவம் குறைந்த நடுவரை இப்படி ஓர் ஆட்டத்துக்குப் போட்டது ஏன் என்று வில்லா அதிகாரபூர்வமாக முறையிட்டது. முறையீட்டுக்குப் புள்ளி கிடைப்பதில்லை.

ஆறாம் இடம் என்பதால் 2025–26இல் வில்லாவுக்குக் கிடைத்தது யூரோப்பா லீக். எமெரிக்கு அது பழகிய வீடு. கிளப்பின் கணக்குப் பிரிவுக்கோ அது பெரிய பற்றாக்குறை. பிரீமியர் லீக்கின் லாப நட்ட விதிகளுக்காக முந்தைய ஆண்டே டக்ளஸ் லூயிஸை யுவென்டஸுக்கு விற்க வேண்டிவந்தது, ஜனவரியில் துரான் சவூதிக்குப் போனார். வலென்சியாவில் தொடங்கிய அதே சிக்கல், நல்ல காலை வெட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி ஓடச் சொல்வது, இங்கும் வந்து நிற்கிறது. அங்கே விற்றது அவரைக் கேளாத நிர்வாகம். இங்கே விற்கும் மேசையில் அவருக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.